யந்திரத்துக்கும் வேண்டும் அவதானம்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் 16-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், செங்குன்றத்தையும் காரனோடையையும் கடந்து வடக்கே போகிறவர்கள், கவரைப்பேட்டைக்கு அருகில் புதுவாயல் என்ற ஊரைக் காண்பார்கள். ஆரணி வழியாகப் பெரியபாளையத்துக்குப் போகும் சாலை இங்கே நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றிச் செல்லும் லாரிகளும், ஆந்திர தேசத்திலிருந்து சரக்கு கொண்டுவரும் டிரெய்லர்களும், ஒப்பந்தத் தொழிலாளர்களை நிறைத்துக்கொண்டு விரையும் வேன்களும், நினைத்த இடத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோக்களும், ஓரமாக எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களும், யாருக்கும் வழிவிட வேண்டிய அவசியமில்லாத எருமைகளும் ஒருங்கே கூடுகின்ற இத்தகைய சந்திப்பை, இருபது டன் பாரத்தோடு வருகிற ஓர் ஓட்டுநர் நாள்தோறும் விபத்தின்றிக் கடந்து போகிறார். சுவரொட்டிகளையும், கடைப் பலகைகளையும், மின்கம்பங்களையும் அவருடைய கண் காணாமல் இல்லை. ஆனால் சாலைக்கு நடுவிலுள்ள தடுப்பின் இடைவெளியில் ஒரு சிறுவன் கால் எடுத்து வைக்கிறானா, முன்னே போகும் வண்டியின் பின்விளக்கு சிவக்கிறதா என்னும் இரண்டொரு விஷயங்களுக்கே அவருடைய சித்தம் முழு மதிப்பைக் கொடுக்கிறது. மற்றவையெல்லாம் கண்ணில் பட்டும் படாதவையாக ஒதுங்கிவிடுகின்றன.

இந்த ஒதுக்கும் சாமர்த்தியத்தை யந்திரத்துக்குக் கற்பிக்க முடியுமா என்பதுதான், தாமாக இயங்கும் ரோபோக்களை ஆக்குகின்ற விஞ்ஞானிகளை இன்று பெரிதும் ஆட்கொண்டிருக்கும் கேள்வி. யந்திரத்துக்குக் கண் கொடுப்பது எப்போதோ முடிந்துபோன காரியம்; நல்ல காமிராக்கள் இன்று மலிவான கைப்பேசியிலும் இருக்கின்றன. கண்டவற்றுள் எது இந்தக் கணத்துக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று பகுத்து, அந்தப் பகுப்பின்படி சக்கரத்தையும் கையையும் இயக்குகிற விவேகமே இன்னும் முழுமையாகக் கைவராதது. அதற்கென அமைந்த கணித முறைக்கு ‘அவதான அமைப்பு’ என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம்.

காட்சியின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரணமான ஒரு காமிரா எடுக்கும் ஒரு படத்தில் அகலவாட்டில் 1920, உயரவாட்டில் 1080 என்ற கணக்கில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் இருக்கும். வினாடிக்கு 30 படங்கள் என்றால் 6 கோடியே 22 லட்சம் புள்ளிகள். நாற்புறமும் பார்ப்பதற்காக ஒரு வண்டியில் ஆறு காமிராக்களைப் பொருத்தினால் வினாடிக்கு 37 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளே பாய்கின்றன. இவை அனைத்தையும் சரிசமமான மரியாதையோடு ஆராய்ந்த பிறகே பிரேக்கை அழுத்துவேன் என்று யந்திரம் காத்திருக்குமானால், அது முடிவுக்கு வருவதற்குள் விபத்து நேர்ந்து முடிந்திருக்கும்.

இயற்கை இந்தச் சங்கடத்தை வேறு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. நம்முடைய கண்ணுக்கு முன்னால் விரிந்திருக்கும் உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவதாக நாம் எண்ணிக்கொண்டிருந்தாலும், உண்மையில் கூர்மையாகத் தெரிவது ஏறத்தாழ இரண்டு பாகை அகலமுள்ள சிறு வட்டம் மட்டுமே; கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கின்ற அளவு. அந்தச் சிறு வட்டத்தை வினாடிக்கு மூன்று முறை போல இங்கும் அங்கும் நகர்த்தி, மூளை தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிறது. மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட சோதனையில், வளைவான சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் பார்வை, வளைவின் உட்புற ஓரம் முன்னோக்கிப் பிதுங்கித் தெரியும் இடத்தையே திரும்பத் திரும்ப நாடுவதைக் கண்டார்கள். திருப்ப வேண்டிய அளவை மூளைக்குச் சொல்லும் செய்தி அந்த ஓர் இடத்தில் அடங்கியிருக்கிறது.

இந்தத் திறமைக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவில் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட சோதனை பிரசித்தமானது. பந்தை ஒருவருக்கொருவர் எறியும் ஆட்டக்காரர்களைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னபோது, நடுவே கொரில்லா வேஷமிட்ட ஒருவர் நுழைந்து மார்பில் தட்டிக்கொண்டு போனதை, ஆட்டத்தைப் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. அவதானம் என்பது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிடுவது. கைவிட்டது முக்கியமானதாக இருந்துவிட்டால் அந்த அவதானமே ஆபத்தாகிறது. யந்திரத்துக்கு நாம் இந்தக் குணத்தைக் கற்பிக்கும்போது, குணத்தோடு சேர்ந்து குறையும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை மறக்கலாகாது.

முற்காலத்து ரோபோக்களுக்கு இந்தப் பகுத்தறிவு கிடையாது. ஆலைகளில் சரக்கை இழுத்துச் செல்லும் பழைய தானியங்கி வண்டிகள், தரையில் பதித்த கம்பியையோ ஒட்டிய காந்தப் பட்டையையோ பின்பற்றிப் போயின. அதைத் தவிர உலகில் வேறொன்றும் அவற்றுக்கு இல்லை. மறுபுறம், உலகம் முழுவதையும் பார்த்துவிட்டுப் போக முயன்ற யந்திரங்கள் நகரவே முடியாமல் திணறின. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மொரவெக் உருவாக்கிய வண்டி, 1979-ல் நாற்காலிகள் பரப்பிய ஓர் அறையை மனித உதவியின்றிக் கடந்தபோது, அந்தச் சிறு தூரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. பத்து வருஷங்களுக்குப் பின், 1989-ல், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டீன் பாமர்லோ, செயற்கை நரம்பணு வலையைக் கொண்டு ஒரு வண்டியைச் சாலையில் ஓட்டிக் காட்டினார். அதற்கு அவர் கொடுத்த படமோ 30-க்கு 32 என்ற அளவில் வெறும் 960 புள்ளிகளே. எதை விடுவது என்று யந்திரம் முடிவு செய்யவில்லை. படத்தையே சுருக்கிக் கொடுத்து மனிதரே முடிவு செய்துவிட்டார்.

தானாக முடிவு செய்யும் வழி, வண்டி ஓட்டுவதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத ஒரு துறையிலிருந்து வந்தது. 2014-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் திமித்ரி பாடனாவ், கியுங்க்யுன் சோ, யோஷுவா பெஞ்சியோ என்ற மூவர், ஒரு மொழியின் வாக்கியத்தை மற்றொரு மொழியில் பெயர்க்கும் யந்திரத்தை அமைத்தபோது, ஒவ்வொரு சொல்லை எழுதும் தருணத்திலும் மூல வாக்கியத்தின் எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை அந்த யந்திரமே தீர்மானிக்கும்படி செய்தார்கள். 2017-ல் கூகுள் நிறுவனத்தைச் சார்ந்த எட்டு ஆராய்ச்சியாளர்கள், அவதானம் ஒன்றையே அஸ்திவாரமாகக் கொண்டு ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் அமைப்பைக் கண்டார்கள். அந்தக் கட்டுரையின் முதலாசிரியரான அஷிஷ் வாஸ்வானி ராஞ்சிக்கு அருகிலுள்ள மேஸ்ராவில் பொறியியல் பயின்றவர். மற்றோர் ஆசிரியரான நிக்கி பார்மர் புனேயில் பயின்றவர்.

மொழிக்கென்று பிறந்த இந்த அமைப்பு, காட்சிக்குப் பயன்படும்போது வேலை செய்யும் விதத்தைக் கணிதச் சூத்திரமின்றியே சொல்லிவிடலாம். காமிரா எடுத்த படத்தை முதலில் சிறு சிறு சதுரங்களாக வெட்டுகிறார்கள். 224-க்கு 224 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை 16-க்கு 16 என்று வெட்டினால் 196 சதுரங்கள் கிடைக்கும். ஒவ்வொரு சதுரமும் இரண்டு எண்வரிசைகளைச் சுமக்கிறது: ஒன்று, தன்னிடம் இன்ன விதமான விஷயம் இருக்கிறது என்று அறிவிக்கும் அடையாளம், மற்றொன்று, அந்த விஷயத்தின் சாரம். வண்டியை ஓட்டும் பகுதி தன் அப்போதைய தேவையை ஒரு கேள்வியாக, அதுவும் எண்வரிசையாகவே, முன்வைக்கிறது. கேள்வியையும் ஒவ்வோர் அடையாளத்தையும் பெருக்கிப் பார்த்தால், பொருத்தமானவற்றுக்குப் பெரிய எண்ணும் பொருந்தாதவற்றுக்குச் சிறிய எண்ணும் விடையாக வரும். இந்த விடைகளையெல்லாம் கூட்டினால் சரியாக ஒன்று வரும்படி சரிசெய்துகொண்டால், அவையே மதிப்பெண்கள். தடுப்பின் இடைவெளியில் நிற்கும் சிறுவனுக்கு 0.6, முன்வண்டியின் சிவப்பு விளக்குக்கு 0.3, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 0.1 என்று மதிப்பெண் விழுந்தால், அந்த விகிதத்திலேயே அவற்றின் சாரம் கலந்து, திருப்பவோ நிறுத்தவோ கட்டளையிடும் பகுதிக்குப் போய்ச் சேருகிறது. மொத்தம் எப்போதும் ஒன்றுதான் என்பதால், ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றொன்றுக்குக் குறைத்தே தீர வேண்டும்.

எந்தக் கேள்வியை எழுப்புவது, எந்த அடையாளத்தைச் சூட்டுவது என்பதை எந்தப் பொறியாளரும் எழுதி வைப்பதில்லை. லட்சக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்து, தவறும்போதெல்லாம் எண்களைச் சிறிது திருத்தி, திருத்தியதை மீண்டும் சோதித்து, இந்தப் பயிற்சியின் பலனாகவே யந்திரம் அவற்றைக் கற்றுக்கொள்கிறது. ஆகவே அது எவற்றைப் பார்த்துப் பழகியதோ அவற்றின் அளவுக்கே அதன் அவதானம் அமையும்.

ஒரே கேள்வியோடு நின்றுவிடுவதும் இல்லை. 2017-ஆம் ஆண்டின் அந்த முதல் அமைப்பில் எட்டு ‘தலைகள்’ இருந்தன. எட்டும் ஒரே வாக்கியத்தை எட்டு வேறு கேள்விகளோடு ஒரே சமயத்தில் அணுகின. எட்டு என்ற எண்ணைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு அஷ்டாவதானம் நினைவுக்கு வருவது இயல்பே. மணியோசையை எண்ணிக்கொண்டும், முதுகில் எறியப்படும் கற்களுக்குக் கணக்கு வைத்துக்கொண்டும், சதுரங்கத்தில் காய் நகர்த்திக்கொண்டும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடிக்கொண்டும் சபையை வியக்க வைத்த அவதானிகள் நம் நாட்டில் பலர் இருந்தார்கள். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு அவதானங்களை நிகழ்த்திச் சதாவதானி என்று புகழ் பெற்றார். யந்திரத்தின் எட்டுத் தலைகளும் பாவலரின் நூறு அவதானங்களும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும், ஒரு பெரிய பேதம் உண்டு. தம்முடைய நூறில் ஒன்று தவறினாலும் அவதானி தாமே உணர்ந்துகொள்வார், சபையும் உடனே சுட்டிக்காட்டும். யந்திரத்தின் தலைகளில் ஒன்று தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், யாரேனும் தேடிப் பார்க்கும் வரையில் அது யாருக்கும் தெரியாது.

இனி, இந்த அவதானம் ரோபோவின் கையையும் காலையும் எவ்வாறு ஆள்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2022-ன் இறுதியில் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ‘ஆர்.டி.-1’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். 13 ரோபோக்களைக் கொண்டு 17 மாதங்கள் சேகரித்த 1,30,000 செயல்முறைகளில் பழகிய அது, எழுநூறுக்கு மேற்பட்ட வேலைகளை இயல்பான மொழியில் கொடுத்த கட்டளைப்படி செய்தது. இழுப்பறையைத் திறப்பதும், பாட்டிலை எடுத்து வேறிடத்தில் வைப்பதும் போன்ற வேலைகள் அவை. ஒவ்வொரு முடிவுக்கும் அது கடைசியாக எடுத்த ஆறு படங்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு படமும் முதலில் 81 துண்டுகளாகிறது; பிறகு அவதானத்தின் துணையால் அந்த 81-லிருந்து 8 மட்டும் வடித்தெடுக்கப்படுகின்றன. ஆறு படங்களுக்கும் சேர்த்து 486 துண்டுகளுக்குப் பதில் 48 துண்டுகளையே மேற்கொண்டு ஆராய்ந்தால் போதும். இந்தச் சிக்கனம் அற்பமானதல்ல. டிரான்ஸ்ஃபார்மர் தன்னிடம் வரும் ஒவ்வொரு துண்டையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதால், துண்டுகள் பத்து மடங்கானால் ஒப்பீடுகள் ஏறத்தாழ நூறு மடங்காகிவிடும்.

இவ்வளவு சிக்கனம் செய்தும், அந்த ரோபோ வினாடிக்கு மூன்று முறைதான் புதிதாக முடிவெடுத்தது. சமையலறையில் பாட்டிலை எடுத்து வைப்பதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு லாரி வினாடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர் கடக்கிறது. வினாடிக்கு மூன்று முடிவு என்றால், ஒரு முடிவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்தரை மீட்டர் கடந்துபோயிருக்கும். ஆகவே நெடுஞ்சாலைக்கு வருகிற யந்திரத்துக்குத் துல்லியமான அவதானம் மட்டும் போதாது, அது துரிதமாகவும் அமைய வேண்டும். கணக்கிடும் சில்லும் வண்டியிலேயே இருந்தாக வேண்டும்.

இந்தத் துறையில் நம் ஊருக்கு வெகு அருகில் நடந்த ஓர் ஆராய்ச்சியை விசேஷமாகச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன், வெகுமதியும் தண்டனையும் கொடுத்து யந்திரத்தைப் பழக்கும் வலுவூட்டல் கற்றல் என்ற துறையில் பெயர் பெற்றவர். 2024-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதை ரிச்சர்ட் சட்டனோடு பகிர்ந்துகொண்ட ஆண்ட்ரூ பார்ட்டோவிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். அவரும், ஜனார்த்தனன் ராஜேந்திரன், அரவிந்த் லட்சுமிநாராயணன், மிதேஷ் காப்ரா, பிரசன்னா ஆகியோரும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை, 2017-ஆம் ஆண்டின் ஐ.சி.எல்.ஆர். சர்வதேச மாநாட்டில் இடம்பெற்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, காட்சியில் எதைக் கவனிப்பது என்பதைவிட ஒரு படி மேலானது: முன்பே வேறு வேறு காரியங்களில் பழகிய பல நிபுணர்கள் இருக்கும்போது, புதிய காரியத்தில் இறங்கும் யந்திரம் எந்தத் தருணத்தில் எந்த நிபுணரின் பேச்சைக் கேட்பது?

இதைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, மட்டையால் பந்தைத் திருப்பி அடிக்கும் ‘பாங்’ என்ற பழைய கணினி விளையாட்டு. ஒரு நிபுணருக்குத் தன் பக்கத்து ஆடுகளத்தின் மேற்பகுதி மங்கலாக்கப்பட்டது. மற்றொரு நிபுணருக்குக் கீழ்ப்பகுதி மங்கலாக்கப்பட்டது. தனித்தனியே இருவரும் குறையுள்ளவர்கள். அவதான அமைப்பைக் கொண்ட மாணவ யந்திரமோ, பந்து இருக்கும் இடத்தைப் பொறுத்து இருவருடைய சொல்லுக்கும் மதிப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கக் கற்று, இருவரையும்விட நன்றாக ஆடியது. இதைவிடச் சுவாரசியமானது மற்றொரு சோதனை: தோற்பதையே வெற்றியாகக் கருதும்படி தலைகீழாகப் பழக்கிய ஒரு நிபுணரையும் அவர்கள் புகுத்திப் பார்த்தார்கள். அந்தத் துர்ப்போதனையால் மாணவன் கெடவில்லை. அதற்குரிய மதிப்பைக் குறைத்துவிட்டு, யாருடைய உதவியுமின்றித் தானே அடியிலிருந்து கற்றுக்கொள்வதற்கென்று ஒதுக்கியிருந்த பகுதியின் மேல் நம்பிக்கை வைத்தது. இவை கணினிக்குள் நடந்த சோதனைகளே. இரும்பும் சக்கரமும் கொண்ட ரோபோவில் நடந்தவை அல்ல. எனினும் வேண்டாத போதனையை ஒதுக்கும் பக்குவத்தை அவதானத்தின் வழியாகவே ஊட்டலாம் என்று காட்டியது, சிறிய சாதனையன்று. உலர்ந்த சாலையில் பழகிய நிபுணர், மழைச் சாலையில் பழகிய நிபுணர், ஆலைக்குள் பழகிய நிபுணர் என்று பலரை ஒரு வண்டியில் வைத்தால், ஐப்பசி மழையில் யாருக்குச் செவிசாய்ப்பது என்னும் பிரச்சினைக்கு இந்த வழி பொருந்தக்கூடியது.

புதுவாயல் அடங்கிய இதே திருவள்ளூர் மாவட்டத்தில், ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம், 2017-ல் ‘முந்த்ரா’ என்ற ஆளில்லாக் கவச வண்டியை வெளிக்காட்டியது. வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடிகளைக் கண்டறிய ஒன்று, அணுக் கதிர்வீச்சு உள்ள இடங்களில் உளவறிய ஒன்று என அதில் மூன்று வகைகள். இத்தகைய வண்டிகளில் ஆள் இல்லை என்றாலும் மனித அவதானம் இல்லாமல் இல்லை. தொலைவில் திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரின் கண்ணே வண்டியின் கண். சந்திரயான்-3 இறக்கிவிட்ட பிரக்யான் ஊர்தியும் ஏறக்குறைய அப்படியே இயங்கியது. 2023 ஆகஸ்ட் 27-ல் தனக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் விட்டமுள்ள ஒரு பள்ளத்தை அது எதிர்கொண்டபோது, வந்த வழியே திரும்பும்படி பூமியிலிருந்து கட்டளை போயிற்று. சந்திரனுக்குச் செய்தி சென்றுசேர ஒன்றே கால் வினாடிக்குச் சற்று மேல். மெல்ல ஊரும் ஊர்திக்கு அந்தத் தாமதம் பொருட்டல்ல. செவ்வாய்க்கு நிமிஷக் கணக்கில் ஆகும். அங்கே போகும் யந்திரமும், தொடர்பு அறுந்துபோகும் போர்க்களத்தில் நுழையும் யந்திரமும் தம்முடைய சொந்த அவதானத்தையே நம்பியாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டியைப் போன்ற தொழிற்பேட்டைக்கு இந்த வித்தை நெடுஞ்சாலை வழியாக வருவதற்கு முன், ஆலையின் வாசல் வழியாகவே வரும் என்பது என் அபிப்பிராயம். கிடங்குக்கும் உற்பத்திக் கூடத்துக்கும் இடையே சரக்கை இழுத்துச் செல்லும் வண்டிகள், தரைக்கோட்டை விட்டு விலகி, ஃபோர்க்லிப்டுக்கும் ஆட்களுக்கும் நடுவே வழி கண்டு போகும் நிலையை இப்போதே இந்தியாவின் பல ஆலைகளில் எட்டிவிட்டன. அங்கே ஒரு பொறியியல் தர்மத்தைக் கடைப்பிடிக்கிறார்கள். வழியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பழகிய மென்பொருளிடம் ஒப்படைத்தாலும், ஆள் குறுக்கே வந்தால் நிறுத்தும் வேலையை அதனிடம் ஒப்படைப்பதில்லை. தனியாக ஒரு லேசர் கருவி, குறித்த தூரத்துக்குள் எது வந்தாலும், அது மனிதனா மூட்டையா என்று விசாரிக்காமல், சக்கரத்தின் இயக்கத்தைத் துண்டித்துவிடும். ஓட்டுநரில்லாத ஆலை வண்டிகளின் பாதுகாப்புக்கென்று 2020-ல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3691-4 என்ற சர்வதேசத் தரநிலையும், இத்தகைய பாதுகாப்பு ஏற்பாடுகளை வற்புறுத்துகிறது. அவதானம் தவறக்கூடியது என்பதை ஒப்புக்கொண்டு, தவறினாலும் உயிர் போகாதபடி கட்டியிருப்பதே இந்த அமைப்பின் சிறப்பு.

அவதான அமைப்பை விற்க வருகிறவர்கள் வாடிக்கையாளரிடம் ஒரு வண்ணப் படத்தைக் காட்டுவது வழக்கம்: காட்சியில் யந்திரம் எங்கே கூடுதல் மதிப்புக் கொடுக்கிறதோ அங்கே சிவப்பு, மற்ற இடங்களில் நீலம். மனிதர் மேல் சிவப்பு விழுந்திருப்பதைக் கண்டால் யாருக்கும் மனம் குளிரும். ஆனால் அந்தச் சிவப்பே யந்திரத்தின் செயலுக்குக் காரணம் என்று உடனே நம்பிவிடக் கூடாது. பெர்க்லியில் ஜின்க்யு கிம், ஜான் கானி இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தானாக ஓடும் வண்டியின் அவதானப் படத்தில் சிவந்த ஒவ்வொரு திட்டையும் ஒவ்வொன்றாக மறைத்து, மறைத்த பிறகு திருப்பும் கோணம் மாறுகிறதா என்று சோதித்தார்கள். சில திட்டுகளை மறைத்தால் கோணம் மாறியது. வேறு சிலவற்றை மறைத்தும் ஒன்றும் நேரவில்லை. பின்னதான திட்டுகள் யந்திரத்தின் முடிவில் பங்கில்லாத வெறும் தோற்றங்கள். 2019-ல் சார்தக் ஜெயின், பைரன் வாலஸ் இருவரும் மொழித் துறையில் இதே ஐயத்தை வேறு வழியில் கிளப்பி, அவதான மதிப்பெண்களை விளக்கமாகக் கொள்ளலாகாது என்று வாதிட்டார்கள். மறைத்துப் பார்த்து நிரூபிக்கும் வரையில் வண்ணப் படம் அலங்காரமே.

யந்திரம் எதைப் பார்த்துப் பழகியது என்னும் கேள்வி இதைவிடவும் முக்கியமானது. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களின் படங்களில் மட்டும் பழகிய அவதானத்துக்கு, பாதை வரைகோடுகளும் நடைபாதை விளிம்புகளும் பெரிய மதிப்புடையவை. புதுவாயலில் தாரின் விளிம்பு மண்ணோடு கலந்துபோயிருக்கும், வண்டிகள் அந்த மண்ணிலும் ஓடும். இந்தக் குறையை உணர்ந்து, ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2018-ல் இந்தியச் சாலைகளுக்கென்றே ஒரு படத்தொகுப்பை வெளியிட்டது. ஹைதராபாத், பெங்களூர், அவற்றின் புறநகர்கள் ஆகியவற்றில் 182 பயணங்களில் எடுத்த 10,004 படங்கள் அதில் உள்ளன. ஆட்டோ ரிக்‌ஷா, விலங்கு, சாலையோரத்து மண் தரை என்று 34 வகைகளாக ஒவ்வொரு படத்தையும் கையால் வரைந்து பிரித்திருக்கிறார்கள். இது நல்ல தொடக்கம். ஆயினும் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு மஞ்சள் ஆடையோடு கூட்டம் கூட்டமாகச் செல்லும் பக்தர்களையும், கோயிலைச் சுற்றி வேப்பஞ்சேலை கட்டிப் பிரார்த்தனை செலுத்துகிறவர்களையும் காணாமலே பழகிய யந்திரம், உடல் முழுவதும் இலை போர்த்திய உருவத்தைச் செடியென்று கருதி 0.01 மதிப்பெண்ணோடு ஒதுக்கிவிடாது என்று யாரால் உத்தரவாதம் கொடுக்க முடியும்? உருக்காலையின் புகையும் கிழக்கடற்கரையின் மார்கழிப் பனிமூட்டமும் இத்தகைய வேறு சோதனைகள்.

ஆதலால், தானாக இயங்கும் வண்டியொன்றைத் தம் ஆலைக்கோ சாலைக்கோ கொண்டுவர எண்ணுகிற நிர்வாகிகள், விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை உள்ளன. இது எந்த ஊர்ச் சாலைகளில், எந்தப் பருவத்தில், எந்த வகை ஆட்களையும் விலங்குகளையும் பார்த்துப் பழகியது? காட்டுகிற வண்ணப் படம் மறைத்துப் பார்த்துச் சோதிக்கப்பட்டதா? அவதானம் தவறும் தருணத்தில் வண்டியை நிறுத்த, அந்த அவதானத்தைச் சாராத தனி ஏற்பாடு இருக்கிறதா? இவற்றுக்குத் திருப்தியான விடை கிடைக்காத வண்டி, எவ்வளவு நயமாக ஓடிக் காட்டினாலும், மனிதர் நடமாடும் இடத்துக்குத் தகுதியற்றது. அந்த வண்டியோடு ஒரே தளத்தில் வேலை செய்யப் போகிற தொழிலாளிக்கும் இதே கேள்விகளைக் கேட்கும் உரிமை உண்டு; ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே உழைக்கிறவர்களுக்கு அவற்றின் விடையை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு.

திருவள்ளூர் மாவட்டத்தின் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடிக்கணக்கில் செலவழித்துப் பெரிய மாதிரிகளைக் கட்டுவது நம் கைக்கு எட்டாத காரியமாக இருக்கலாம். ஆனால் ஒரு காமிராவோடு புதுவாயல் சந்திப்பில் ஆடியிலும் ஐப்பசியிலும் மார்கழியிலும் நின்று, முகங்களை மறைத்துக் காட்சிகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் பொறுமையாக வகைபிரித்து வைப்பது நிச்சயமாக எட்டக்கூடிய காரியம். நாளை இந்தச் சாலையில் ஓடப்போகும் யந்திரங்கள் எதை மதிக்க வேண்டும் என்று கற்பிக்கும் பொறுப்பை அயலாரிடம் விட்டுவிடாமல், இங்கே வாழ்கிறவர்களே இன்று தொடங்குவது நல்லது.